வாரத்துக்கு எத்தனை நாள் ஜியு-ஜிட்சு?

கேள்வி: எனக்கு வயது 37. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, வீடு மேடவாக்கம். காலேஜில் கபடி ஆடியவன். அதற்கப்புறம் பதினைந்து வருஷம் நாற்காலிதான். நான்கு மாதம் முன்பு வேளச்சேரி பக்கம் ஒரு பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்துப் பூட்டி மடக்குகிற தற்காப்புக் கலை) வகுப்பில் சேர்ந்தேன், ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் இரண்டு மாதம் வாரம் 5 நாள் போனேன். மூன்றாவது மாதம் வலது முழங்கையின் உள்பக்கம் வலி ஆரம்பித்தது. வாரம் ஒரு நாள்தான் போக முடிந்தது. கடைசி ஐந்து வாரமாகப் போகவே இல்லை. வாரத்தில் மூன்று ராத்திரி அமெரிக்க டீமோடு போன் கால், முடியப் பன்னிரண்டு ஆகிவிடும். மனைவியும் வேலைக்குப் போகிறார், ஆறு வயதில் மகள். "வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறீங்க" என்கிறார் மனைவி. என்னோடு சேர்ந்த பையன்கள் வாரம் ஆறு நாள் வருகிறார்கள், எங்கேயோ போய்விட்டார்கள். என்னால் நிச்சயமாக முடிவது வாரம் இரண்டு நாள். அதில் பிரயோஜனம் உண்டா, இல்லை காசும் நேரமும் வீணா? ஜிம்முக்கும் மூன்று நாள் போகிறேன், அதை விட்டுவிடலாமா? வெள்ளைக்கு அடுத்த புளூ பெல்ட் எல்லாம் நமக்கு நடக்குமா?

— பெயர் வேண்டாம் என்ற வாசகர், மேடவாக்கம்

பதில்:

வணக்கம் நண்பரே. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாரம் இரண்டு நாள் போங்கள். பிரயோஜனம் உண்டு, நிறையவே உண்டு. மூன்றாவது நாள் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அதை இப்போதே திட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம். ஐந்து நாளை உங்கள் மகள் காலேஜ் போகும்வரை மறந்துவிடுங்கள்.

இனி காரணம். நீங்கள் எழுதியதை வைத்தே ஒரு கணக்குப் போட்டேன். முதல் எட்டு வாரம், வாரம் 5 வகுப்பு: 40. அடுத்த நான்கு வாரம் ஒவ்வொன்று: 4. கடைசி ஐந்து வாரம் ஒன்றுமில்லை. 17 வாரத்தில் 44 வகுப்பு. வகுத்துப் பார்த்தால் வாரத்துக்கு இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே. அதாவது முதல் நாளிலிருந்தே வாரம் இரண்டு, முடிந்த வாரம் மூன்று என்று போயிருந்தாலும் இதே எண்ணிக்கைக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள். முழங்கை பெரும்பாலும் தப்பித்திருக்கும். கற்றதை ஐந்து வாரம் மறக்கவிட்டிருக்க மாட்டீர்கள். வீட்டில் பேச்சும் வாங்கியிருக்க மாட்டீர்கள்.

நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட். இந்த விளையாட்டை ஆடுகிறவனும்கூட. முப்பதைத் தாண்டியபின் ஜியு-ஜிட்சுவுக்கு வந்து, அப்புறம் என் கிளினிக்குக்கும் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். ஆசையில் இரண்டு மூன்று மாதம் தினமும் போவார்கள். ஒரு மூட்டு மக்கர் பண்ணும். நிறுத்துவார்கள். வலி போனதும் விட்டதைப் பிடிக்க மறுபடி தினமும் போவார்கள். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் "வாரத்துக்கு எத்தனை நாள் போக ஆசை?" என்று நான் கேட்பதில்லை. "உங்களுக்கு ரொம்ப மோசமான வாரத்தில்கூட எத்தனை நாள் போக முடியும்?" என்று கேட்பேன். ரிலீஸ் வாரம், குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம், ஊரிலிருந்து மாமனார் வந்த வாரம். அந்த வாரத்திலும் தாக்குப்பிடிக்கிற எண்தான் உங்கள் எண். நீங்களே "நிச்சயமாக முடிவது இரண்டு" என்று எழுதிவிட்டீர்கள்.

இரண்டு போதுமா என்ற சந்தேகம் வருவது நியாயம். ஒரு வகுப்பு ஒன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு 180 நிமிஷம். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிஷம் கடுமையான உழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வார்ம்-அப்பும் கோச் பேசுகிற நேரமும் போனாலும் உடம்புக்குத் தேவையான அளவை இரண்டே வகுப்பில் எட்டிவிடுவீர்கள். வித்தை என்று பார்த்தால், வாரம் ஒரு நாள் என்பது கற்றதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் சரியாக இருக்கும்; போன வாரம் காட்டியதை ஞாபகப்படுத்திக்கொள்வதிலேயே பாதி வகுப்பு போய்விடும். இரண்டில் முன்னேற்றம் தெரியும், மெதுவாக. மூன்றில் நன்றாகவே தெரியும். நான்குக்கு மேலே போனால், வேலையும் குடும்பமும் இருக்கிற ஆளுக்கு ஒவ்வொரு கூடுதல் வகுப்பும் கொடுப்பது குறைகிறது, உடம்பிடம் வாங்குவது கூடுகிறது.

அந்த ஆறு நாள் பையன்களைப் பற்றி. அவர்களுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. இருபத்திரண்டு, இருபத்து மூன்று இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வகுப்பு முடிந்து போய் ஒன்பது மணி நேரம் தூங்குகிறார்கள், மறுநாள் வண்டியில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியதில்லை, ராத்திரி பதினொன்றரைக்கு யாருக்கும் ஸ்டேட்டஸ் சொல்ல வேண்டியதில்லை. அவர்களோடு உங்களை ஒப்பிடுவதை விடுங்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், நானும் கேட்டதில்லை. அதனால் வேறு மாதிரி சொல்கிறேன். அவர்களில் ஒரு வருஷம் கழித்து யார் யார் மிச்சம் என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த எல்லாக் கூடங்களிலும் வெள்ளை பெல்ட் கூட்டம், அதாவது புதியவர்கள் கூட்டம், வருஷா வருஷம் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது.

வயதைவிடவும் இதில் முக்கியமானது தசைக்கும் தசைநாணுக்கும் உள்ள வேகவித்தியாசம். பயிற்சி தொடங்கிச் சில வாரங்களில் தசை பலமாகிவிடும், மூச்சும் பரவாயில்லை ஆகும். தசையை எலும்போடு சேர்த்துக் கட்டியிருக்கிற நாணுக்கு அந்த வேகம் கிடையாது; மாதக்கணக்கில்தான் அது தேறும். எனவே ஆறாவது ஏழாவது வாரத்தில் "சூப்பரா இருக்கேன்" என்று தோன்றும். அப்போது நாண் இன்னும் பின்னாலேயே நிற்கும். உங்களுக்கு வலி மூன்றாவது மாதத்தில் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. கி-யின் (வகுப்பில் போடுகிற தடித்த சீருடை) காலரையும் கைப்பட்டியையும் இறுக்கிப் பிடித்து இழுப்பது முழுக்க முன்கையின் உள்பக்கத் தசைகள் செய்கிற வேலை. அவை வந்து கட்டுகிற இடம் நீங்கள் வலிக்கிறது என்று சொல்லும் அதே இடம். அதற்கு மேல் வாரம் மூன்று நாள் ஜிம்மில் புல்-அப், ரோ, டெட்லிஃப்ட். அப்புறம் பத்து மணி நேரம் மௌஸ். அந்த முழங்கைக்கு லீவே கிடைக்கவில்லை.

சரி, எந்த இரண்டு நாள்? இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளையும் சேர்த்துப் போய்விட்டு ஐந்து நாள் சும்மா இருப்பது வசதிதான், ஆனால் பலன் குறைவு. புதிதாகக் கற்ற ஓர் அசைவு தூக்கத்திலும் இடைவெளியிலும்தான் உள்ளே இறங்குகிறது. மறக்கத் தொடங்குகிற நேரத்தில் மறுபடி செய்தால் நன்றாக ஒட்டும். மூட்டுக்கும் நடுவில் இரண்டு நாள் மூச்சு வேண்டும். செவ்வாயும் சனியும், அல்லது புதனும் சனியும் நன்றாக இருக்கும். சனிக்கிழமை காலை வகுப்பை ஆணியடித்து வைத்துக்கொள்ளுங்கள்; அன்றைக்கு ஆபீஸ் இல்லை, சாலையும் காலியாக இருக்கும். வாரநாள் வகுப்புக்கு ஒரே நிபந்தனை: அதற்கு முந்தின ராத்திரி போன் கால் இருக்கக் கூடாது. பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணி வகுப்புக்குப் போனால் ஐந்து மணி நேரத் தூக்கத்தில் ஒருவர் உங்கள் கழுத்தைப் பிடிக்கிறார். கை மெதுவாகத்தான் வரும், டேப்பும் (போதும், விடு என்று கையால் தட்டுவது) தாமதமாகத்தான் வரும். அப்படி ஒரு காலை வந்தால் படுத்துத் தூங்குங்கள். போயே ஆக வேண்டும் என்று தோன்றினால் டிரில் (ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது) மட்டும் செய்துவிட்டு ரோல் (ஜோடியாக நிஜமாகவே மோதிப் பார்க்கிற சுற்று) தொடங்கும்போது ஓரமாக உட்காருங்கள்.

மாலை ஏழு மணி வகுப்பை நம்பாதீர்கள். ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடக்கும்வரை சோழிங்கநல்லூரிலிருந்து ஆறேகாலுக்குக் கிளம்பி ஏழுக்கு வேளச்சேரியில் கி மாட்டுவேன் என்பது பேராசை. அவசரமாக ஓடிப் போய் வார்ம்-அப்பைத் தவறவிட்டு நேராக ரோலில் இறங்குகிறவர்கள்தான் விலாவையும் கழுத்தையும் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இன்னொரு விஷயம்: வேறு கூடம் பார்க்கிற யோசனை எப்போதாவது வந்தால், ஊரிலேயே சிறந்த கோச் யார் என்று தேடி அண்ணாநகர் வரை போகாதீர்கள். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நடுவில், சுத்தமாக, பெரியவர்களையும் மதிக்கிற ஓர் இடம் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் பள்ளிக்கரணையைத் தாண்டவே முடியாத நாட்கள் வரும். அந்த வகுப்புகளை இப்போதே கழித்துவிடுங்கள். வருஷத்தில் 52 வாரம் இருந்தாலும் உங்களுக்கு 42, 43 வாரம் கிடைத்தால் அது நல்ல வருஷம்.

இரண்டே நாள் என்பதால் அந்த இரண்டையும் கொஞ்சம் யோசித்துச் செலவழிக்க வேண்டும். ஆறு நாள் வருகிறவனுக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க நேரம் இருக்கிறது. நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து ஆறு முதல் எட்டு வாரம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளை பெல்டுக்கு என் சிபாரிசு சைடு கன்ட்ரோலிலிருந்து, அதாவது எதிராளி பக்கவாட்டில் மேலே படுத்து அமுக்குகிற நிலையிலிருந்து, வெளியே வருவது. காரணம் எளிது: எல்லாரும் உங்களை அங்கேதான் வைத்து அமுக்குவார்கள். கோச் அன்றைக்கு என்ன காட்டுகிறாரோ அதைச் செய்யுங்கள். ரோலில் மட்டும் உங்கள் பாடம். கூட ஆடுகிறவரிடம் "எனக்கு சைடு கன்ட்ரோல்ல இருந்து ஆரம்பிக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள், மேலே இருக்கப் போவது அவர்கள்தானே. ஒரு ரோலில் நான்கு தடவை அந்த இடத்துக்கு வந்தால், வாரத்துக்கு இருபது முப்பது தடவை அதே சிக்கலை அவிழ்த்துப் பார்த்திருப்பீர்கள். எட்டு வாரம் கழித்து அந்த ஆறு நாள் பையன் உங்களை அங்கே பிடித்து வைக்கத் திணறுவான். அதற்கப்புறம் மௌன்டிலிருந்து (எதிராளி உங்கள் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது) தப்பிப்பது, அப்புறம் ஒரு கார்ட் (அடியில் கிடந்தபடி கால்களால் எதிராளியைத் தடுத்துப் பிடிப்பது), அந்தக் கார்டிலிருந்து ஒரே ஒரு ஸ்வீப் (அவரைப் புரட்டிவிட்டு மேலே வருவது).

வகுப்பு முடிந்ததும் வண்டியை எடுப்பதற்கு முன் போனில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன காட்டினார்கள், எங்கே மாட்டினேன், அடுத்த முறை என்ன கேட்க வேண்டும். யூடியூபில் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வீடியோ பாருங்கள். பறந்து போய்க் காலைப் பூட்டுகிற வித்தைகளை ராத்திரி ஒரு மணி வரை பார்ப்பது பொழுதுபோக்கு, பயிற்சிக் கணக்கில் வராது. வீட்டில் ஹாலில் பத்து நிமிஷம் ஷ்ரிம்ப்பும் (படுத்தபடி இடுப்பை நகர்த்தி விலகுவது) பிரிட்ஜும் (படுத்தபடி இடுப்பை மேலே தூக்குவது) செய்யலாம், மகளையும் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தைகள் இதைப் பெரியவர்களைவிட அழகாகச் செய்வார்கள்.

கபடி ஆடியவர் என்று சொன்னீர்கள். அது இங்கே வரமும் தொந்தரவும். பிடித்தால் விடாத கை, கணுக்காலைத் தேடிப் போகிற கண், விழுந்தால் எழுகிற பழக்கம் எல்லாம் வரம். தொந்தரவு என்னவென்றால் கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். மூச்சை அடக்கி, இருக்கிற பலம் மொத்தத்தையும் அந்த 30 விநாடியில் கொட்டிவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினால் போதும். இங்கே ஒரு ரோல் ஐந்து நிமிஷம், அது முடிந்ததும் இன்னொன்று. பழைய கபடிக்காரர்களோடு ஆடும்போது கவனித்திருக்கிறேன்: முதல் ஒரு நிமிஷம் புயல், அதற்கப்புறம் பிடியை மட்டும் இரும்பாக இறுக்கி வைத்துக்கொண்டு மூச்சுத் திணறிக் கிடப்பார்கள். அந்த இரும்புப் பிடியும் உங்கள் முழங்கை வலிக்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ரோலின்போது மூக்கு வழியாக மூச்சு விட முடிகிற வேகத்தில் ஆடப் பாருங்கள். வாய் திறந்துவிட்டால் ஒரு பிடியை விட்டுவிடுங்கள், அது எதுவாக இருந்தாலும்.

ரோல்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் காரம்தான் உடம்பைத் தீர்மானிக்கிறது. ஒரு வகுப்பில் நான்கு ரோல் என்றால் ஒன்று மட்டும் முழு வேகத்தில் இருக்கட்டும். மற்ற மூன்றும் பேசிக்கொண்டே ஆடுகிற வேகம். யாரோடு ஆடுவது என்பதையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். புதிதாக வந்த, உங்களைவிட இருபது கிலோ அதிகமான, தோற்கவே கூடாது என்று முடிவோடு வந்திருக்கிற வெள்ளை பெல்டைவிட, புளூவுக்கும் மேலே இருக்கிற பர்ப்பிள் பெல்ட் அக்காவோ அண்ணனோ நூறு மடங்கு பாதுகாப்பு. "தம்பி, இன்னைக்கு முழங்கை சரியில்ல, நீ வேற யாரையாவது பாரு" என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சொன்ன பிறகும் ஒருவன் வற்புறுத்தினால் கோச்சிடம் சொல்லுங்கள். கோச்சும் சிரித்துவிட்டு விட்டால் வேறு கூடம் பாருங்கள்.

அப்புறம், டேப். ஆர்ம்பாரில் (முழங்கையை நீட்டிப் பூட்டுகிற பிடி) கை நீண்டுவிட்டது என்றால் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பூட்டு விழுந்ததும் தட்டிவிடுங்கள். வலி தெரிகிற நேரத்தில் மூட்டைக் கட்டியிருக்கிற தசைநார் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். ஹீல் ஹூக் (குதிகாலைப் பிடித்துத் திருகுவது) இன்னும் மோசம், முட்டியில் வலி தெரிவதற்குள் சேதம் முடிந்துவிடும். சர்வதேச ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதிகளில் கி அணிந்து ஆடும்போது எந்த பெல்டுக்குமே ஹீல் ஹூக் கிடையாது; வெள்ளை பெல்ட் தாவிக் கார்ட் போடவும் அனுமதி இல்லை. உங்கள் கூடத்தில் யாராவது புதியவர்களிடம் இதையெல்லாம் முயன்றால் நீங்கள் மறுத்துவிடலாம்.

முழங்கைக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் இன்னதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மெதுவாக ஆரம்பித்து, பிடிக்கும்போதும் பால் பாக்கெட்டுப் பையைத் தூக்கும்போதும் உள்பக்கம் வலிக்கிறது என்றால் நாண் பிரச்சினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கோல்ஃப் ஆடாதவர்களுக்கும் வருகிற கோல்ஃபர்ஸ் எல்போ. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆர்ம்பாரில் "டப்" என்று சத்தம் கேட்டு ஆரம்பித்த வலி என்றாலோ, கையை முழுதாக நீட்ட முடியவில்லை என்றாலோ, வீக்கம் இருந்தாலோ, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போனாலோ, வகுப்புக்குப் போவதற்கு முன்னால் எலும்பு மருத்துவரையோ பிசியோவையோ நேரில் பாருங்கள். கழுத்திலிருந்து கைக்கு மின்சாரம் போல இறங்கினாலும் அப்படியே.

நாண் வலிதான் என்று உறுதியானால் முழு ஓய்வு அதற்கு மருந்தல்ல. ஐந்து வாரம் சும்மா இருந்தும் உள்ளே ஒன்றும் பலமாகியிருக்காது, வலி மட்டும் தூங்கியிருக்கும். முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, ஒன்று அல்லது இரண்டு கிலோ டம்பெல். மேலே தூக்க இடது கை உதவட்டும். கீழே இறக்குவதை வலது கை மட்டும் மூன்று நான்கு விநாடி எடுத்துச் செய்யட்டும். பதினைந்து முறை, மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முந்தின நாளைவிட அதிகம் வலித்தால் எடையைக் குறைக்க வேண்டும். இந்த மறுநாள் காலைச் சோதனை வகுப்புக்கும் பொருந்தும். எந்த ஆப்பும் வாட்சும் சொல்வதைவிட அது நன்றாகச் சொல்லும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகாதீர்கள். டேப் பண்ணச் சொல்கிற ஆளையே வாயைக் கட்டி உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும்.

ஜிம்மை விட வேண்டாம், குறையுங்கள். மூன்று நாளை ஒரு நாளாக்குங்கள். நாற்பது நிமிஷம் போதும். ஸ்குவாட், புஷ்-அப், கழுத்துக்குக் கொஞ்சம் வேலை. இழுக்கிற பயிற்சிகள் முழங்கை சரியாகும்வரை வேண்டாம், ஜியு-ஜிட்சுவில் போதுமான அளவு இழுக்கிறீர்கள். ஆக வாரத்தில் மொத்தம் மூன்று முறை வெளியே போகிறீர்கள். முதல் இரண்டு மாதம் எட்டு முறை போய்க்கொண்டிருந்தீர்கள். உங்கள் மனைவி சொன்ன விருந்தாளி வார்த்தை மிகையே இல்லை.

அவரிடம் "இனிமேல் குறைச்சுக்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், யாரும் நம்ப மாட்டார்கள். எந்த இரண்டு நாள், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லுங்கள், அதை மாற்றாதீர்கள். கூடவே வாரத்தில் இரண்டு முறை அதே அளவு நேரத்தை அவருக்கு விடுங்கள். அந்த நேரம் மகள் உங்கள் பொறுப்பு, அவர் யோகாவுக்குப் போகிறாரா தூங்குகிறாரா என்று கேட்கக் கூடாது. கோச் "ஓப்பன் மேட் இருக்கு, வாங்க" என்று, அதாவது பாடம் இல்லாமல் ரோல் மட்டும் ஆடுகிற நேரத்துக்கு, ஞாயிற்றுக்கிழமை வாட்ஸாப்பில் கூப்பிடுவார். மாதத்தில் ஒரு ஞாயிறு போனால் போதும், அதுவும் முந்தின வாரமே வீட்டில் பேசிவிட்டு.

தோலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மேட் விளையாட்டுக்காரர்களை வகுப்பிலிருந்து நிறுத்தி வைப்பதில் படர்தாமரைக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியாவில் அது முன்போல ஒரு ட்யூப் க்ரீமுக்கு அடங்குவதில்லை. டெர்பினஃபின் மருந்துக்கே பணியாத வகை பரவியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மட்டும் தடவாதீர்கள். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், அப்புறம் மாதக்கணக்கில் இழுக்கும். வட்டமாக ஒரு தடிப்பு தெரிந்தாலே தோல் மருத்துவரைப் பாருங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை மேட்டில் இறங்காதீர்கள். வகுப்பு முடிந்த உடனே குளியல். கி-யை வண்டி டிக்கியில் மடித்து வைத்துவிட்டு ஆபீஸ் போகிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஒரே கி-தான் என்றால் மழைக்காலத்தில் அது மூன்று நாளானாலும் காயாது. இரண்டாவது ஒன்று வாங்குவது ஆடம்பரமே இல்லை. துண்டு தனி, மகளுடையதோடு சேர்க்க வேண்டாம்.

புளூ பெல்ட்? நடக்கும். வெள்ளையிலிருந்து புளூவுக்கு இத்தனை மாதம் என்று ஐபிஜேஜேஎஃப் எதுவும் விதிக்கவில்லை, கோச்சின் முடிவுதான். வாரம் இரண்டு நாள் விடாமல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் ஆகிறது. புளூவில் குறைந்தது இரண்டு வருஷம், பர்ப்பிளில் ஒன்றரை வருஷம், பிரௌனில் ஒரு வருஷம் இருந்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. நிஜத்தில் பிளாக் பெல்டுக்குப் பத்து வருஷம் சர்வ சாதாரணம். போட்டி ஆசை இருந்தால் அதற்கும் கதவு மூடவில்லை. 30 வயதுக்கு மேல் மாஸ்டர் பிரிவுகள் தனி, 36 முதல் 40 வரை மாஸ்டர் 2. அங்கே உங்கள் எதிரே நிற்பவரும் முந்தின ராத்திரி ஏதோ ஒரு போன் காலில் இருந்தவராகத்தான் இருப்பார்.

திரும்பிப் போகும் முறை. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றாலோ, படி ஏறும்போது நெஞ்சில் அசௌகரியம் இருந்தாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இல்லையென்றால் வரும் சனிக்கிழமையே போகலாம். முதல் இரண்டு வாரம் டிரிலும், சைடு கன்ட்ரோலிலிருந்து தொடங்குகிற மெதுவான சுற்றும் மட்டும். முடிந்தால் நோ-கி வகுப்பு. துணியைப் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் முழங்கைக்கு இதமாக இருக்கும். மூன்றாவது வாரம் வகுப்புக்கு ஒரு ரோல், ஐந்தாவது வாரம் இரண்டு, எட்டாவது வாரம் மூன்று. காலர் பிடியை அதற்கப்புறம் மெதுவாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். வழியில் ஒரு வாரம் தவறினால் விட்ட வகுப்பை அடுத்த வாரம் சேர்த்துப் போட வேண்டாம், விட்டது விட்டதுதான். மூன்று மாதம் கழித்து, இரண்டு நாளும் பெரிதாகத் தவறாமல் இருந்து, காலையில் முழங்கை பேசாமல் இருந்து, வீட்டிலும் முகம் சுளிக்காமல் இருந்தால் மூன்றாவது நாளைச் சேருங்கள். அந்த மூன்றாவது நாளில் முதல் ஒரு மாதம் ரோல் வேண்டாம், டிரில் மட்டும். கோச்சிடம் முழங்கை விஷயத்தை வார்ம்-அப் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஜோடி சேர்த்து விடுவது அவர்தான்.